நிறை குறையவில்லையா? எங்கே பிழைக்கிறது என்று பார்ப்போம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி லிப்டுக்குள் ஏறினாலே யாராவது கேட்பார்கள், "அக்கா, என்ன செய்து மெலிஞ்சனீங்கள்?" நான் சொல்லி முடிக்க முதலே அடுத்த வார்த்தை வந்துவிடும்: "நானும் எல்லாம் செய்து பாத்திட்டன், சரிவரேல்லை." இந்தச் 'சரிவரேல்லை'யைக் கொஞ்சம் கிண்டிக் கேட்டால் ஆளுக்கொரு கதை. ஒருவருக்குத் தராசு அசையவே இல்லை, ஒருவருக்குத் தலை சுற்றுகிறது, ஒருவருக்கு முழங்கால் நோ, இன்னொருவர் பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு இரவு பத்து மணிக்கு பிரிட்ஜைத் திறக்கிறார். இவர்கள் எல்லோருக்கும் ஒரே டயட் அட்டவணையைக் கொடுப்பது, காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே குளிசையைக் கொடுப்பது மாதிரி.

அதனால் இதை அறிகுறிப்படி எழுதுகிறேன். உங்கள் குறை எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போங்கள், அங்கே சொல்வதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டு வாரம் பாருங்கள். ஒரே நாளில் ஐந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது. நான் 81 கிலோவில் தொடங்கி 68க்கு வர பதினான்கு மாதம் எடுத்தது. இடையில் கீழே உள்ள கோளாறுகளில் முக்கால்வாசி எனக்கும் வந்தவைதான்.

தேவையான சாமான்கள்: குளியலறைத் தராசு, தையல்காரரின் அளவுநாடா, ஒரு கொப்பி. அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் முதல்: இவை இருந்தால் நிறுத்துங்கள்

நடக்கும்போது நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது, இடது கைக்கோ தாடைக்கோ நோ பரவுகிறது, வழமையில்லாத மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை. இதில் எது வந்தாலும் "வாயுவாக்கும்" என்று இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். என் அப்பா அப்படித்தான் இரண்டு மணித்தியாலம் வாயு என்று படுத்திருந்தார், ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர முதலே முடிந்துவிட்டது. அதனால் இதை எழுதாமல் அடுத்த பகுதிக்குப் போக எனக்கு மனம் வராது.

இன்னொன்று, ஒன்றுமே செய்யாமல் நிறை தானாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், அதோடு மெலிவு என்றால் சீனி வருத்தமாக இருக்கலாம். தைரொய்ட் கூடினாலும் மெலிவு வரும். முதலில் இரத்தப் பரிசோதனை. அரச ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து இயங்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்களில் நிறை, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்க்கிறார்கள். நடுத்தர வயது வந்தவர்கள் வருத்தம் இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

"சாப்பாட்டைக் குறைச்சாச்சு, தராசு அசையவே இல்லை"

ஆகக் கூடுதலாக நான் கேட்கிற முறைப்பாடு இது. முதலில் எத்தனை நாளாக என்று பாருங்கள். ஐந்து நாளாக அசையவில்லை என்றால் அது கோளாறே இல்லை. நேற்றிரவு உப்பான கருவாடு சாப்பிட்டாலே காலையில் ஒரு கிலோ கூடிக் காட்டும், அது தண்ணீர். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் அப்படி ஏறும். காலையில் எழும்பி மலசலம் கழித்து, ஒன்றும் குடிக்க முதல் நிறுத்து எழுதுங்கள், ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் பிரியுங்கள், இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தனி நாள் எண் உங்களை அழவைக்கும், சராசரி கொஞ்சம் உண்மை சொல்லும்.

மூன்று வாரச் சராசரியும் அசையவில்லையா? அப்படியென்றால் எங்கோ ஒழுகுகிறது. நம்முடைய வீடுகளில் ஒழுகுகிற இடங்கள் பெரும்பாலும் சோற்றுக் கோப்பைக்கு வெளியேதான் இருக்கும். சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, சோறு உண்மையிலேயே குறைந்திருக்கும், கணக்கில் வராதது வேறு.

தேத்தண்ணியில் இருந்து தொடங்குங்கள். முழு ஆடைப் பால்மா இரண்டு கரண்டி, சீனி இரண்டு கரண்டி போட்ட ஒரு கப் பால் தேத்தண்ணி சுமார் 100 கலோரி. காலையில் ஒன்று, கந்தோரில் பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, வீட்டுக்கு வந்து ஒன்று என்றால் 400. அது ஏறத்தாழ 300 கிராம் சமைத்த சோற்றுக்குச் சமன். மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி மிச்சம் பிடித்ததைத் தேத்தண்ணியில் திரும்பக் குடித்துவிடுகிறோம். நான் செய்த முதல் மாற்றமே இதுதான்: பால் தேத்தண்ணி நாளுக்கு ஒன்று, மற்றதெல்லாம் சீனி போடாத பிளேன்ரீ. முதல் பத்து நாள் வாய் கசந்தது, பிறகு பழகிவிட்டது. ரின்பால் போட்டுக் குடிப்பவர்கள் அதிலும் பாதி சீனிதான் என்று தெரிந்துகொள்ளுங்கள். போத்தல் பானங்கள் என்றால், 2016இலிருந்து இலங்கையில் சீனி அளவுக்கேற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறி போடுகிறார்கள். சிவப்பைத் திரும்ப வைத்துவிடுங்கள். பழச்சாறும் அதே கணக்குத்தான், தோடம்பழத்தை உரித்துத் தின்றால் பசி அடங்கும், அதையே பிழிந்து சீனி போட்டுக் குடித்தால் அடங்காது.

அடுத்த ஒழுக்கு தேங்காயும் எண்ணெயும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ எதுவானாலும், ஏறக்குறைய 120 கலோரி. துருவிய தேங்காய்ப்பூ 100 கிராமில் 350க்கு மேல். காலையில் இடியப்பத்துக்குச் சம்பலும் சொதியும், மத்தியானம் பாற்கறி, பொரியல், இரவில் புட்டுக்குள்ளும் தேங்காய்ப்பூ. தேங்காயை விடச் சொல்ல நான் ஆளில்லை, விட்டால் நம் சமையலே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு தேங்காய்க் கறி என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பல் இருந்தால் சொதியைத் தண்ணியாக, இரண்டாம் பாலில் வையுங்கள். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைப்பதை மாதத்தில் ஒருநாள் ஆக்குங்கள், அது எண்ணெயை உறிஞ்சுகிற அளவைத் தாச்சியைப் பார்த்தாலே தெரியும்.

மூன்றாவது, "அது நல்ல சாப்பாடு" என்று அளவில்லாமல் சாப்பிடுவது. குரக்கன் புட்டு, சிவப்பரிசி, கச்சான், மரமுந்திரி, பேரீச்சம்பழம். சிவப்பரிசிச் சோற்றிலும் வெள்ளைச் சோற்றிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான், 100 கிராமுக்கு 130 அளவில். சிவப்பில் நார் கூட, வயிறு கூட நேரம் தாங்கும், அதற்காகச் சாப்பிடுங்கள், ஆனால் இரண்டு அகப்பை கூடப் போட அது அனுமதி தரவில்லை. கச்சான் காலி முகத்திடலில் ஒரு சுருளை வாங்கி நடந்துகொண்டே முடித்துவிடலாம், நூறு கிராமில் 560 கலோரிக்குக் குறையாது.

நான்காவது, பிள்ளைகளின் மிச்சம். அம்மாமார் எல்லோருக்கும் சொல்கிறேன், பாதி கடித்த பாண் துண்டையும் கோப்பையில் கிடக்கிற முட்டையையும் வீணாகப் போகுதே என்று வாயில் போடாதீர்கள். நான் ஒரு வாரம் கொப்பியில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

சரி, எவ்வளவு குறைக்க வேண்டும்? ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 கலோரி குறைந்தால் வாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. அதுவே போதுமான வேகம். எழுதிப் பார்த்து, ஒழுக்கையெல்லாம் அடைத்து, ஆறு வாரமாகியும் ஒன்றும் இல்லை என்றால் டொக்டரிடம் தைரொய்ட் சோதனை கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாத பிள்ளைகள் பி.சி.ஓ.எஸ். என்ற சூலக ஹோர்மோன் கோளாறு பற்றியும் கேளுங்கள். ஸ்டீரொயிட், இன்சுலின், சில மன அழுத்தக் குளிசைகள் நிறையைக் கூட்டும். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று இருக்கிறதா என்று கேட்பதுதான் வழி.

"முதல் கிழமை மூன்று கிலோ போச்சு, அடுத்த கிழமை அரைக் கிலோகூட இல்லை"

ஒன்றும் பிழைக்கவில்லை. மாச்சத்தைக் குறைத்தவுடன் தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த கிளைகோஜன் கரைகிறது, அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவு தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிறது. மூன்று கிலோவில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர். இரண்டாம் கிழமைதான் கொழுப்பின் கணக்கு தொடங்குகிறது. இந்த இடத்தில்தான் கன பேர் மனம் விட்டுப்போய் விடுகிறார்கள், தயவுசெய்து இந்தக் கிழமையை மட்டும் தாண்டிவிடுங்கள்.

"நாலாம் மாதத்தோட நிண்டுபோச்சு"

எனக்கு 74இல் நின்றது, ஏழு வாரம். காரணம் இரண்டு. பாரம் குறைந்த உடம்புக்கு முன்னைப்போல் எரிபொருள் தேவையில்லை, 81 கிலோவைச் சுமந்து நடந்த பெண்ணை விட 74 கிலோப் பெண் அதே தூரத்துக்குக் குறைவாகத்தான் எரிக்கிறாள். மற்றது, குறைவாகச் சாப்பிடும் உடம்பு நமக்குத் தெரியாமலே அசைவைக் குறைத்துக்கொள்கிறது: லிப்டில் ஏறுகிறோம், தண்ணீருக்குப் பிள்ளையை அனுப்புகிறோம், வேலை முடிந்து வந்தால் கதிரையை விட்டு எழும்பமாட்டோம். இதற்குச் சாப்பாட்டை இன்னும் குறைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

முதல் வழி தசை. கிழமைக்கு இரண்டு நாளாவது பாரம் தூக்குகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும், உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலும் அதைத்தான் சொல்கிறது, கூடவே 150 முதல் 300 நிமிடம் வேக நடை. ஜிம்முக்குப் போகக் காசோ துணிவோ இல்லையென்றால் வீடே போதும். கதிரையில் கை வைக்காமல் இருந்து எழும்புவது, பத்து. சுவரில் கை ஊன்றித் தண்டு எடுப்பது, பத்து. ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் குனிந்து முதுகு வளையாமல் தூக்கி வைப்பது, பத்து. இதை மூன்று சுற்று. சுலபமானால் கூட்டுங்கள். நான் முதல் நாள் கதிரையிலிருந்து ஆறாவது முறை எழும்ப முடியாமல் மேசையைப் பிடித்தேன், இப்போது முதுகுப்பையில் அரிசிப் பை வைத்துக்கொண்டு இருபது.

இரண்டாவது வழி புரதம், அது அடுத்த பகுதியில் வருகிறது. நிறை நின்ற மாதத்தில் அளவுநாடாவை எடுத்து இடுப்பையும் அளந்து பாருங்கள். எனக்கு அந்த ஏழு வாரத்தில் தராசு அசையவில்லை, இடுப்பு 3 சென்ரிமீற்றர் குறைந்திருந்தது.

"இரவானால் பசி தாங்கேலாது"

பகலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். காலையில் ஒரு பிளேன்ரீயும் இரண்டு கிராக்கரும், மத்தியானம் ஒரு பிடி சோறும் கீரையும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதுதான் கோளாறு. இரவுப் பசியின் வேர் காலையில் இருக்கிறது.

ஒவ்வொரு நேரச் சாப்பாட்டிலும் புரதம் எங்கே என்று கையால் காட்ட முடியவேண்டும். நிறை குறைக்கும் காலத்தில் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 கிராம் அளவாவது வேண்டும், பாரம் தூக்குபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. சிறுநீரக வருத்தம் இருப்பவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது. ஒரு முட்டையில் ஆறேழு கிராம். சமைத்த மீன் 100 கிராமில் 20 முதல் 25. சூரையும் சாளையும் கீரியும் அறக்குளாவை விட எவ்வளவோ மலிவு, புரதத்தில் குறைவில்லை, குழம்பாகவோ வாட்டியோ வையுங்கள், பொரிக்காதீர்கள். சைவக்காரருக்குத்தான் கொஞ்சம் திட்டம் வேண்டும். பருப்புக்கறி இரண்டு கரண்டி போதாது, 100 கிராம் சமைத்த பருப்பில் 9 கிராம்தான். அவித்த கடலை, கௌபி, பயறு ஒரு கிண்ணம் நிறைய, தயிர், அப்புறம் சோயா மீட், உலர்ந்த சோயாவில் பாதி நிறை புரதம்தான். எங்கள் அம்மா சோயாவை வாசம் என்று ஒதுக்கினார், சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு தரம் நன்றாகப் பிழிந்து பிறகு தாளித்தபோது சாப்பிட்டார்.

கோப்பையை இப்படிப் போடுங்கள்: முதலில் பாதிக் கோப்பைக்கு மரக்கறி, கீரை, வல்லாரைச் சம்பல், போஞ்சி, பூசணி, எது மலிவோ அது. பிறகு கால் கோப்பை மீனோ முட்டையோ கடலையோ. கடைசியில் மீந்த இடத்தில் சோறு. நாம் பழக்கத்தில் சோற்றை மலையாகக் குவித்துவிட்டுக் கறிக்கு இடம் தேடுகிறோம், வரிசையை மாற்றினாலே சோறு தானாகக் குறையும். கடையில் மத்தியானச் சோற்றுப் பார்சல் வாங்குபவர்கள் பிரித்தவுடன் பாதிச் சோற்றை ஒதுக்கி வையுங்கள். நான் ஒரு பார்சலை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தேன், சோறு மட்டும் 420 கிராம் இருந்தது.

நித்திரையையும் பாருங்கள். ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கினால் அடுத்த நாள் பசி கூடும், அதிலும் இனிப்பும் பொரியலும்தான் கேட்கும். இரவு பன்னிரண்டு வரை போனோடு இருந்துவிட்டுப் பசிக்கிறது என்பவர்களுக்கு முதல் மருந்து படுக்கை.

"தலை சுத்துது, கை நடுங்குது"

நீங்கள் சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவரா? குறிப்பாக கிளிக்லசைட் மாதிரியானவை, அல்லது இன்சுலின்? அப்படியென்றால் இதை மிகவும் கவனமாக வாசியுங்கள். சாப்பாட்டைக் குறைத்துவிட்டுக் குளிசையை அதே அளவில் போட்டால் இரத்தச் சீனி அளவுக்கு மீறி இறங்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, சம்பந்தமில்லாமல் கதைப்பது. சீனி பார்க்கும் கருவியில் 70க்குக் கீழே காட்டினால், கருவி இல்லாவிட்டால் அறிகுறியை நம்பி, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் திரும்பக் கொடுங்கள், ஏறியதும் சாப்பிட வையுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, 1990. டயட் தொடங்க முதலே கிளினிக்கில் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டால் இந்தப் பாடு இல்லை. கந்தசஷ்டிக்கும் கேதார கௌரிக்கும் விரதம் பிடிக்கிற அன்ரிமாருக்கும், நோன்பு பிடிக்கிற சகோதரர்களுக்கும் இதே கதைதான்.

பிரஷர் குளிசை எடுப்பவர்கள் எழும்பும்போது மட்டும் தலை சுற்றினால், நிறை குறையக் குறைய பிரஷரும் இறங்குகிறது, பழைய அளவுக் குளிசை இப்போது கூடிப்போயிருக்கலாம். நல்ல செய்திதான், ஆனால் டொக்டர் குறைக்க வேண்டிய ஒன்று.

இரண்டும் இல்லையென்றால் தண்ணீரைப் பாருங்கள். கொழும்பின் புழுக்கத்தில் ஒரு மணித்தியாலம் நடந்தால் சட்டையைப் பிழியலாம்.

"முழங்கால் நோகுது, குதிக்கால் நோகுது"

வேகமாகத் தொடங்கியிருப்பீர்கள். இருபது வருடம் நடக்காத கால் ஒரே நாளில் பத்தாயிரம் அடி கேட்டால் என்ன செய்யும்? அந்தப் பத்தாயிரம் என்ற எண்ணும் 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, வைத்தியர்கள் விதித்த எல்லையில்லை. இப்போது நாளுக்கு 3,000 அடி நடக்கிறீர்களா, அடுத்த கிழமை 4,000 நடவுங்கள், போதும்.

காலையில் கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிக்கால் குத்துகிறதென்றால் அது பாதத்தின் அடியில் உள்ள நாரின் நோ. ரப்பர் செருப்போடு நடப்பதை நிறுத்துங்கள், குதிக்கு மெத்தை உள்ள சப்பாத்து, எழும்ப முதல் கட்டிலிலேயே பாதவிரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். முழங்கால் நோ என்றால் படி இறங்குவதையும் தோப்புக்கரணத்தையும் கொஞ்ச நாள் விட்டுச் சமதரையில் நடவுங்கள், காலி முகத்திடல், சுதந்திர சதுக்கம், விகாரமகாதேவி பூங்கா, பத்தரமுல்லைப் பக்கம் என்றால் தியத்த உயன. மூட்டு வீங்கி, சூடாக இருந்தால் நடக்கவே வேண்டாம், காட்டுங்கள்.

"மற்றதெல்லாம் குறைஞ்சிட்டுது, வண்டி மட்டும் அப்பிடியே"

வண்டிக்கென்று, அதாவது தொப்பைக்கென்று, தனிப் பயிற்சி இல்லை. நூறு முறை படுத்து எழும்பினால் வயிற்றுத் தசை பலக்கும், அதன் மேலிருக்கிற கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரையாது, உடம்பு தான் நினைத்த வரிசையில்தான் எடுக்கும். வயிற்றில் கட்டுகிற பெல்ட், வியர்க்க வைக்கிற பிளாஸ்ரிக் உடுப்பு, காலையில் தேசிக்காயும் தேனும், எதுவும் கொழுப்பை எடுக்காது, வியர்வையில் போன தண்ணீர் ஒரு கிளாஸ் குடித்ததும் திரும்பி வரும்.

ஆனால் வண்டியைக் கவனிப்பது சரிதான். தெற்காசியர்களான நமக்கு நிறை அவ்வளவு இல்லாவிட்டாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும், சீனி வருத்தமும் இதயவருத்தமும் அதோடு வருகின்றன. அதனால் இடுப்பு எல்லை நமக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். பி.எம்.ஐ.யும் (கிலோ நிறையை மீற்றர் உயரத்தால் இரண்டு தரம் பிரித்தால் வரும் எண்) 23ஐத் தாண்டினாலே ஆசியர்களுக்குக் கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். மெல்லிய கைகாலோடு வண்டி மட்டும் வைத்திருக்கிற ஆண்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த ஆத்திரத்தில்தான் ஆட்கள் மெலிய வைக்கும் குளிசையும் பவுடரும் தேடுகிறார்கள். எனக்கும் ஒருவர் "சுத்த மூலிகை" என்று விற்றார், மூன்றாம் நாள் இதயம் படபடத்து நித்திரையே இல்லை, குப்பையில் போட்டேன். சிபுட்ரமின் என்ற மருந்தை இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கினார்கள், அதன் பிறகும் மூலிகை என்று விற்கிற பொருட்களுக்குள் அதே மருந்து மறைந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் விழுங்காதீர்கள்.

"மெலிஞ்சன், ஆனா தலைமுடி கொட்டுது"

இரண்டு மூன்று மாதத்துக்கு முதல் கடும் பட்டினி கிடந்தீர்களா என்று யோசியுங்கள், முடி அவ்வளவு பிந்தித்தான் கணக்குக் கேட்கும். சாப்பாட்டைக் கூட்டுங்கள், புரதத்தைக் கூட்டுங்கள், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். களைப்பும் வெளிறலும் சேர்ந்திருந்தால் இரும்புச்சத்தைச் சோதியுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். மிக வேகமாக மெலிபவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதும் உண்டு, சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழ் கடும் நோ என்றால் காட்டுங்கள்.

"வெயில், மழை, நேரமும் இல்லை"

காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் கொழும்பு நடக்கக்கூடிய ஊர், எட்டுக்குப் பிறகு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை வரும் என்று தெரியும், அந்த மாதங்களில் நடையைக் காலைக்கு மாற்றுங்கள் அல்லது தொடர்மாடிப் படியில் ஏறி லிப்டில் இறங்குங்கள், முழங்காலுக்கும் அது நல்லது. வேலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் 100இலோ 101இலோ இரண்டு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடவுங்கள். பத்துப் பத்து நிமிடமாக மூன்று தரம் நடந்தாலும் அது முப்பது நிமிடம்தான்.

தனியாக நடக்கக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்கிற தங்கச்சிமாருக்கு ஒரு விஷயம். காலி முகத்திடல் நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தபோது, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைக் காக்க வேண்டும் என்று தனக்குப் பின் வருபவர்களுக்குக் கல்லில் எழுதி வைத்தார். அந்தக் கல் இன்றும் அங்கே நிற்கிறது. மரைன் டிரைவில் எங்களோடு மூன்று பேர் நடக்கிறார்கள், இருவர் ஹிஜாப் போட்டவர்கள், ஒருவர் சேலையும் சப்பாத்தும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"குறைஞ்சது திரும்ப ஏறுது"

எங்கே ஏறுகிறது என்று திகதியைப் பாருங்கள். எனக்கு தீபாவளியில் தொடங்கி தைப்பொங்கல் வரை ஏறும், இடையில் நத்தாருக்குப் பக்கத்து வீட்டுக் கேக் வேறு. பயத்தம் பணியாரமும் முறுக்கும் டின்னில் இருக்கிற வரைக்கும் போகிற வழியில் கை போகும். அதனால் பலகாரம் சுடுகிற அன்றே எங்களுக்கு எட்டுத் துண்டு எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறோம். சுடாமல் விடவில்லை, பிள்ளைகளுக்கு அந்த வாசம் வேண்டும்.

திகதி இல்லாமல் மெல்ல மெல்ல ஏறுகிறதென்றால் நிறுப்பதை விட்டிருப்பீர்கள். கிழமைக்கு ஒருநாள், ஞாயிறு காலை, நிறுத்து எழுதுங்கள். நான் எனக்கு 70 என்று ஒரு கோடு போட்டிருக்கிறேன். சராசரி அதைத் தொட்ட கிழமையில் வேறொன்றும் செய்வதில்லை, கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் செய்த மாதிரி ஏழு நாள் எல்லாவற்றையும் எழுதுவேன். போன தரம் எழுதியபோது நாலாவது நாளே அகப்பட்டது, கந்தோரில் புதிதாக வந்த பிள்ளை எனக்கும் சேர்த்து மூன்று மணிக்குப் பால் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறாள், நானும் வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் குடித்துக்கொண்டு இருக்கிறேன். "பிள்ளை, எனக்குச் சீனியில்லாத பிளேன்ரீ போடம்மா" என்றேன். அடுத்த நாளிலிருந்து அவளும் அதையே குடிக்கிறாள்.